மெலாகா: ஓய்வுநாளில் எந்த வேலைக்குத் தடை?

கேள்வி: வாசகர் ஒருவர், ஜனவரி 11

யாத்திராகமம் 20:10ல் ‘யாதொரு வேலையும் செய்யவேண்டாம்’ என்று வருகிறது. மூலத்தில் அங்கே உள்ள சொல் மெலாகா. அதற்குக் கடின உழைப்பு என்று பொருள் என ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அப்படியானால் உடம்பு களைக்கிற வேலைக்குத்தான் தடை. பிறகு யூதர்கள் ஏன் சனிக்கிழமை லைட் சுவிட்சைக்கூடத் தொடுவதில்லை? விரலால் தட்டுவதும் உழைப்பா? இது பிற்காலத்து மனுஷர் சேர்த்த கட்டுப்பாடு என்பது என் எண்ணம். எபிரேயம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

களைப்புக்கும் மெலாகாவுக்கும் சம்பந்தம் இல்லை. கடின உழைப்புக்கு எபிரேயத்தில் அவோதா என்று தனிச்சொல்லே இருக்கிறது. எகிப்தில் இஸ்ரவேலர் சாந்து குழைத்துச் செங்கல் அறுத்தார்களே, அது அவோதா (யாத். 1:14). அடிமைக்கு எவெத் என்று பெயர். அதுவும் இதே வேர். மெலாகா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை.

நீங்கள் காட்டிய வசனத்துக்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். 20:9ல் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: ‘ஷெஷெத் யாமீம் தஅவோத், வெஅசீதா கோல் மெலாக்தெகா’. நம் பழைய திருப்புதல் இதைக் கவனமாகவே பிரித்திருக்கிறது: ‘ஆறுநாளும் நீ வேலைசெய்து, உன் கிரியைகளையெல்லாம் நடப்பிப்பாயாக.’ வேலை என்ற இடத்தில் அவோதாவின் வினை, கிரியை என்ற இடத்தில் மெலாகா. ஆனால் அடுத்த வசனத்தில் அதே மெலாகா ‘யாதொரு வேலையும்’ என்று மாறிவிடுகிறது. தமிழில் மட்டும் படிப்பவருக்கு 9ம் வசனத்து வேலையைத்தான் 10ம் வசனம் நிறுத்துகிறது என்று தோன்றும். மூலத்தில் தடை விழுவது கிரியையின் மேல்.

நான் இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்தவள் அல்ல. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இஸ்ரேலுக்குப் போய், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சில வருஷம் இருந்தேன். பெனே பராக் என்ற ஊரில் பக்தியான ஒரு யூதக் குடும்பம், அந்த வீட்டுப் பாட்டியோடுதான் ராத்திரி பகல் எல்லாம். மொழியும் அங்கே பழகியதுதான். அதனால் அகராதியில் இருப்பதோடு அடுப்படியில் பார்த்ததும் சேர்ந்தே வரும்.

ஜனவரி 12

களைப்பு ஏன் அளவுகோல் இல்லை என்பதற்கு அந்த வீட்டிலேயே உதாரணம் உண்டு. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் அதிகமாக வந்தால், மகன்கள் இரண்டு பேர் பெரிய மர மேஜையை உள்ளறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வருவார்கள். சட்டை நனைந்துவிடும். அதில் யாரும் குற்றம் காணமாட்டார்கள். அதே பிள்ளைகள் அன்றைக்கு ஒரு காகிதத்தில் இரண்டு எழுத்து எழுதமாட்டார்கள். கழிவறைக் காகிதத்தைக்கூட வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் துண்டு துண்டாகக் கிழித்து ஒரு டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

வேதத்துக்குள்ளேயே பெரிய சான்று இருக்கிறது. மெலாகா என்ற சொல் முதலில் வருவது மனிதனைப் பற்றி அல்ல. ஆதியாகமம் 2:2ல் தேவன் ஏழாம் நாளில் முடித்து ஓய்ந்தது தம்முடைய மெலாகாவை. அது உடம்பு நோகிற உழைப்பு என்றால், ‘அவர் சோர்ந்துபோவதுமில்லை, இளைப்படைவதுமில்லை’ என்ற ஏசாயா 40:28ஐ எங்கே வைப்பது? அங்கே பேச்சு உண்டாக்குதலைப் பற்றியது. இருளில் வெளிச்சம், தண்ணீரில் தரை என்று ஒன்றை இன்னொன்றாக்கி ஒழுங்குபடுத்தியது மெலாகா. அதை நிறுத்தியது ஓய்வு.

ஜனவரி 14

‘அப்படியானால் எது எது மெலாகா, பட்டியல் எங்கே?’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

மோசேயின் ஐந்து ஆகமங்களில் பட்டியல் கிடையாது. அங்கங்கே சில்லறையாகத்தான் வரும். நெருப்பு மூட்டக்கூடாது (யாத். 35:3), உழவும் அறுப்பும் நிற்கவேண்டும் (யாத். 34:21), விறகு பொறுக்கினவனுக்கு நடந்தது (எண். 15). அப்புறம் எரேமியா சுமை தூக்குவதைச் சொல்கிறார். நெகேமியா ஆலையில் திராட்சை மிதிப்பதையும் கழுதைமேல் பொதி ஏற்றுவதையும் சொல்கிறார். முழுப் பட்டியல் இருப்பது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், கி.பி. 200 வாக்கில் தொகுத்தது. சபாத் (ஓய்வுநாள்) என்ற பகுதி, 7ம் அதிகாரம். ‘நாற்பதுக்கு ஒன்று குறைவு’ என்று ஆரம்பிக்கும்.

அந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அது ஒரு கிராமத்தின் நாள் மாதிரியே ஓடும். முதலில் ரொட்டி: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். உழுவதற்கு முன்னால் விதைப்பு வருகிறதே என்று, மிஷ்னாவை விளக்கும் தல்மூதே கேட்கிறது. இஸ்ரவேல் நாட்டில் விதைத்த பிறகும் உழுவார்கள் என்று பதில். ரொட்டிக்கு 11 ஆயிற்று. அடுத்து துணிக்கு 13: ஆட்டு மயிர் கத்தரிப்பதிலிருந்து வெளுத்து, சிக்கெடுத்து, சாயம் போட்டு, நூற்று, பாவு கட்டி, நெய்து, முடிச்சுப் போட்டு அவிழ்த்து, இரண்டு தையல் தைப்பது வரை. அடுத்து ஒரு மானைப் பிடித்து, அறுத்து, உரித்து, உப்பிட்டு, தோலைப் பதப்படுத்தி, மயிர் வழித்து, வெட்டுவது. அந்தத் தோலில் இரண்டு எழுத்து எழுதுவது, மறுபடி எழுதுவதற்காக அழிப்பது. பிறகு கட்டுதல், இடித்தல், அணைத்தல், மூட்டுதல். சுத்தியலின் கடைசி அடி. கடைசியாக ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குப் பொருளை எடுத்துப்போவது.

ஏன் இவை மட்டும்? யாத்திராகமம் 35ல் ஓய்வுநாள் கட்டளையும் ஆசரிப்புக் கூடாரம் கட்டும் கட்டளையும் அடுத்தடுத்து வருகின்றன. கூடாரத்துக்குத் தேவைப்பட்ட வேலைகளே ஓய்வுநாளில் நிற்கவேண்டிய வேலைகள் என்று ரபிகள் எடுத்துக்கொண்டார்கள். ‘இரண்டு எழுத்து’ என்ற அளவும் அங்கிருந்தே வருகிறது: கூடாரத்துப் பலகைகளில் எதற்கு எது ஜோடி என்று தெரிய எழுத்துப் போட்டு வைத்தார்களாம். ‘தைப்பதற்காகக் கிழித்தல்’ எப்படி வந்தது என்றால், திரையில் பூச்சி அரித்த இடத்தைக் கிழித்து ஒழுங்காக்கித்தான் தைக்கவேண்டும். இதைப் படித்த பிறகு மிஷ்னாவை வறட்டுச் சட்டம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. தச்சனும் தையற்காரனும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது மாதிரி இருக்கிறது.

ஜனவரி 15

சுவிட்ச் கேள்வியை விட்டுவிட்டேன்.

குண்டு பல்பில் உள்ளே இருக்கும் கம்பி பழுத்து எரிகிறது; அதனால் அது நெருப்பு மூட்டுதல் என்பது ஒரு தரப்பு. அசோன் இஷ் என்று அறியப்படும் ரபி (பெனே பராக்கில் வாழ்ந்து 1953ல் காலமானவர்) வேறு மாதிரி சொன்னார்: மின்சுற்றை இணைக்கும்போது செத்துக் கிடந்த கம்பிக்கு உயிர் வருகிறது, அது கட்டுதல். எருசலேமில் இருந்த ரபி ஷ்லோமோ சல்மான் அவர்பாக் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சுற்றை இணைப்பது தன்னளவில் மெலாகா என்று நிரூபிக்க முடியாது, ஆனாலும் இந்த வழக்கத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டதால் கைக்கொள்ள வேண்டும் என்றார். ஆக, சுவிட்ச் எந்த மெலாகாவில் அடங்கும் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த முடிவு இல்லை. ‘விரலுக்கு எவ்வளவு சிரமம்’ என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

வீட்டில் இதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு. விளக்குக்கு டைமர், சாப்பாடு சூடாக இருக்க பிளாட்டா என்கிற மின்தட்டு. வெள்ளி மத்தியானமே ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் எரியும் பல்பையும் முடக்கிவிடுவார்கள்.

ஜனவரி 19

‘பொறுக்குதல்’ எப்படி மெலாகா ஆகும், அரிசியில் கல் பொறுக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவருக்கு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டி முன்னால் ஒரு கிண்ணம் திராட்சை. அடியில் நாலைந்து அழுகியிருந்தன. நான் பழக்கதோஷத்தில் அழுகியதை எடுத்து ஓரமாகப் போடக் கை நீட்டினேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் தின்னப்போகிற நல்ல பழத்தைக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கெட்டவை அப்படியே கிண்ணத்தில் கிடந்தன.

விதி அதுதான். கலந்து கிடப்பதிலிருந்து வேண்டாததை நீக்கினால் நீங்கள் குவியலைச் சுத்தப்படுத்துகிறீர்கள். அது உற்பத்தி வேலை. வேண்டியதைக் கையால் எடுத்து உடனே சாப்பிட்டால் அது சாப்பிடுவது, அவ்வளவே. சல்லடை, முறம் எடுத்தால் மறுபடி வேலை. இரண்டிலும் விரல் அசைவது ஒன்றுதான். எதற்காக, எந்த முறையில் என்பதுதான் வித்தியாசம். இதற்குத் தல்மூதில் ஒரு தொடர் உண்டு: ‘மெலெகெத் மகஷெவெத்’, யோசனையோடு கூடிய கைவேலை. யாத்திராகமம் 35:33ல், கூடாரத்தைச் செய்த கைவினைஞன் பெசலெயேலின் கலைவேலைக்கு வரும் சொல் அது. தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) தடுத்தது இதைத்தான் என்கிறார்கள். இந்த மகஷெவெத்தின் வேரிலிருந்துதான் இன்றைய எபிரேயத்தில் கணினிக்கு மக்ஷேவ் என்று பெயர்.

ஜனவரி 20

சொல்லின் வேரைக் கேட்டிருந்தீர்கள். லாமெத், அலெஃப், காஃப். ‘அனுப்புதல்’ என்ற பொருள். தேவதூதனுக்கு எபிரேயத்தில் மலாக். மல்கியா தீர்க்கதரிசியின் பெயருக்கு ‘என் தூதன்’ என்று அர்த்தம். எல்லாம் ஒரே வேர். ஒருவன் கையில் கொடுத்தனுப்பிய காரியம் என்ற நிலையிலிருந்து மெலாகா தொழில், கைவேலை என்று விரிந்திருக்கவேண்டும். யோனாவிடம் கப்பற்காரர்கள் ‘உன் தொழில் என்ன’ என்று கேட்கும் இடத்தில் இருப்பது மெலாகா (1:8). சங்கீதம் 107:23ல் திரளான தண்ணீர்களிலே தொழில் செய்கிறவர்கள் என்பதிலும் அதுவே. நீதிமொழிகள் 22:29ல் ராஜாக்களுக்கு முன்பாக நிற்கப்போகிறவனுடைய வேலையும் மெலாகாதான்.

இன்னொரு பக்கமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. யாக்கோபு ஏசாவிடம் மந்தையின் நடைக்கு ஏற்ப மெதுவாக வருகிறேன் என்கிறானே (ஆதி. 33:14), அங்கே மந்தை என்று நாம் படிப்பது மூலத்தில் மெலாகா. யாத்திராகமம் 22ல் அடைக்கலமாகக் கொடுத்த பிறனுடைய பொருளும் மெலாகா. வேலையும் அந்த வேலையால் சேர்ந்த சொத்தும் ஒரே சொல்.

ஜனவரி 22

மெலாகா என்றால் உண்டாக்குதல் என்று 12ந்தேதி எழுதினேன். பட்டியலின் கடைசி ஒன்று அதற்குள் முழுசாக அடங்கவில்லை: எடுத்துப்போதல். பையில் சாவியோடு தெருவுக்கு இறங்கினால் சாவியில் என்ன மாற்றம் வந்துவிடுகிறது? தல்மூது உரைகாரர்களுக்கே இது இடறல். ‘பலவீனமான மெலாகா’ என்றே பெயர் வைத்தார்கள். இதற்கு வேத ஆதாரம் யாத்திராகமம் 36:6ல் கிடைக்கிறது. கூடாரத்துக்கு இனி ‘மெலாகா செய்யவேண்டாம்’ என்று மோசே பாளயத்தில் அறிவிக்கச் சொல்கிறான். உடனே ஜனங்கள் காணிக்கை கொண்டுவருவது நின்றது என்று வருகிறது. ஆகவே கொண்டுவருவதற்கும் மெலாகா என்று பெயர்.

என் சொந்த யோசனை ஒன்று. மெலாகாவில் அனுப்புதல் இருக்கிறது, சொத்து இருக்கிறது. தன் பொருளை வீட்டு வாசலைத் தாண்டி உலகத்துக்குள் அனுப்புவதும் மனிதன் தன் கையை நீட்டுவதுதானே. மிஷ்னா ஆசிரியர்கள் அப்படி நினைத்துத்தான் சேர்த்தார்கள் என்று சொல்லவரவில்லை. எனக்கு அந்தக் கடைசி ஒன்று இப்படித்தான் பொருந்துகிறது.

(இஸ்ரேல் நகரங்களைச் சுற்றிக் கம்பமும் கம்பியுமாகப் போட்டிருப்பார்கள், அதற்கு எருவ் என்று பெயர். அந்த எல்லைக்குள் எடுத்துப்போகலாம். பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜெப ஆலயத்துக்குத் தள்ளிப்போனது அந்தக் கம்பி இருந்ததால்.)

ஜனவரி 26

முப்பத்தொன்பதைக் கையில் வைத்துக்கொண்டு சுவிசேஷங்களைத் திரும்பப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுநாள் சண்டைகளில் பல ஒரு குறிப்பிட்ட மெலாகாவின் மேல்தான் நடக்கின்றன.

சீஷர்கள் கதிர் கொய்தது அறுத்தல். லூக்கா 6:1 கூடுதலாக ‘கைகளினால் நிமிட்டி’ என்று சொல்கிறதே, அது போரடித்தல். பெதஸ்தா குளத்தருகே சுகமானவனைத் தடுத்தவர்கள் அவன் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை, படுக்கையை எடுத்துக்கொண்டு போனதைப் பற்றிப் பேசினார்கள் (யோவான் 5:10). எடுத்துப்போதல். யோவான் 9ல் குருடனுக்குப் பார்வை கிடைத்த கதையில் ‘இயேசு சேறுண்டாக்கி’ என்று 14ம் வசனம் மெனக்கெட்டுச் சொல்வது ஏன்? உமிழ்நீரும் மண்ணும் சேர்த்துப் பிசைதல், பட்டியலில் பத்தாவது. சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. பரிசேயர்கள் எதைக் கண்டு பதறினார்கள் என்பது பெனே பராக் சமையலறையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு அங்கே மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது.

இயேசு அவர்களுக்குச் சொன்ன பதிலும் இந்தச் சொல்லைச் சுற்றியே நிற்கிறது. ‘என் பிதா இதுவரைக்கும் கிரியைசெய்துவருகிறார், நானும் கிரியைசெய்துவருகிறேன்’ (5:17). ஆதியாகமம் 2:2ல் முடிந்துவிட்டது என்று எழுதியிருப்பதன் மேலேயே கைவைக்கிற பேச்சு. அவர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஜனவரி 27

‘அப்போ பரிசேயர் சட்டத்தைவிட உயிர் பெரிசில்லையா’ என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். யூதச் சட்டத்திலேயே உயிர்தான் பெரிது. மிஷ்னாவில் யோமா பகுதி, 8ம் அதிகாரம்: உயிருக்கு ஆபத்து இருக்குமோ என்ற சந்தேகமே போதும், ஓய்வுநாளைத் தள்ளிவிடும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளி ராத்திரி பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்தது. அந்த வீட்டில் யாரும் அன்றைக்கு ஃபோன் தொடமாட்டார்கள், நான் யூதப் பெண் இல்லை, ஆகவே கூப்பிடவேண்டியது நான்தான் என்று என் அறைக்கு ஓடினேன். மொபைலோடு திரும்பி வந்தபோது மூத்த மகன் கூடத்து ஃபோனில் ஆம்புலன்சுக்கான 101ஐ அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். தாடி வைத்த, வாரம் முழுக்க தல்மூது படிக்கிற மனுஷர். ஒரு நொடி தயங்கவில்லை. ஆம்புலன்சில் அவரே ஏறிப் போனார். பாட்டி சில நாளில் தேறி வந்தார்.

பிற்பாடு அவரிடம் கேட்டேன், நான் இருந்தேனே, என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று. அப்படிச் செய்யக்கூடாது என்றார். உயிர் காக்கும் காரியத்தைச் சின்னப் பிள்ளைகளிடமோ வேற்றாரிடமோ தள்ளிவிடாமல் பெரியவர்களே முன்வந்து செய்யவேண்டும் என்று தல்மூது யோமாவில் இருக்கிறதாம். பிறகு எடுத்துக் காட்டினார். மற்ற நாளில் விளக்கு அணைந்துபோனால் ‘விளக்கைப் போடு’ என்றுகூட என்னிடம் நேராகச் சொல்லாமல், ‘இங்கே இருட்டாக இருக்கிறது’ என்று நிறுத்திக்கொள்கிற குடும்பம் அது.

பிப்ரவரி 3

இது கொஞ்சம் விலகிப்போகும். எழுதலாமா என்று தயங்கினேன். எனக்கு முக்கியமாகப் படுவதால் எழுதுகிறேன்.

முப்பத்தொன்பதை வைத்து ஒருநாள் என் வேலையை ஓட்டிப் பார்த்தேன். படுக்கைப் புண் வராமல் பாட்டியைப் புரட்டிப் போடுவது பட்டியலில் இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி உட்காரவைப்பதும் இல்லை. டயாபர் மாற்றுவது, கரண்டியால் ஊட்டுவது, ராத்திரி மூன்று மணிக்குக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, எதுவும் இல்லை. துணி துவைப்பதும் சமைப்பதும் மெலாகா. அவை சனிக்கிழமை நின்றுவிடும். எனக்கு இருந்த வேலைகளில் லேசானவை அவைதான். இடுப்பை முறிக்கிற வேலை ஒன்றுகூட மெலாகா இல்லை. வீடு முழுக்க ஓய்ந்திருக்கும் நாளில் என் நாள் மாத்திரம் அப்படியே ஓடும்.

முதலில் மனசு கசந்தது. என் வேலை வேலையே இல்லையா என்று. அப்புறம் வசனங்களைப் பார்த்துக்கொண்டே போனதில் ஒன்று பிடிபட்டது. மெலாகாவோடு அடிக்கடி கைகோத்து வரும் வினை ‘முடித்தல்’. தேவன் தம் மெலாகாவை முடித்தார் (ஆதி. 2:2). மோசே மெலாகாவை முடித்தான் (யாத். 40:33), எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான், ‘வயெகல்’. சுத்தியலின் கடைசி அடிகூடத் தனி மெலாகாதான், பொருளை முடிப்பதால். மெலாகா என்பது முடிக்கக்கூடிய வேலை. ரொட்டி வெந்துவிடும், துணி தறியிலிருந்து இறங்கிவிடும்.

பாட்டியைக் குளிப்பாட்டினால் முடிந்ததா? நாளைக்கும் குளிப்பாட்ட வேண்டும். அது அவோதா. எகிப்தின் செங்கல் சூளைக்கும் கூடாரத்தில் லேவியர் செய்த ஊழியத்துக்கும் எபிரேயம் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. என் வேலை எந்த நாளில் முதலாவது போலவும் எந்த நாளில் இரண்டாவது போலவும் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்கவேண்டும். 20:9ல் ‘உன் கிரியைகளையெல்லாம்’ என்று இருப்பதற்கு மெகில்தா என்ற பழைய உரை ஒரு கேள்வி கேட்கிறது: ஆறு நாளில் ஒருவன் தன் மெலாகா எல்லாவற்றையும் முடிக்க முடியுமா? முடியாது, ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது போல ஓய்ந்திரு என்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அரை மணி முன்பு வரை அடுப்படியில் கத்திக்கொண்டிருந்தவர்கள்தான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அந்த ‘முடிந்தது போல’ வராது. அதனால்தான் உபாகமம் 5 எனக்கு யாத்திராகமம் 20ஐவிட நெருக்கமாக இருக்கிறது. கட்டளை ஒன்றுதான், காரணம் வேறு. யாத்திராகமம் சிருஷ்டிப்பைச் சொல்கிறது, அது மெலாகாவின் பக்கம். உபாகமம், வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறவேண்டும், நீயும் எகிப்திலே எவெத் ஆக இருந்தாய் என்கிறது. அது அவோதாவின் பக்கம்.

பிப்ரவரி 5

இஸ்ரேல் சட்டத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. 1951ல் வந்த சட்டத்தின் பெயர் ‘வேலை நேரம் மற்றும் ஓய்வுச் சட்டம்’; எபிரேயத்தில் அங்கே இருப்பது அவோதா. வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேர ஓய்வு. யூதருக்கு அதில் சபாத் சேரவேண்டும். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளி, சனி, ஞாயிறில் ஒன்றைக் கொள்ளலாம். எழுத்தில் நல்ல சட்டம். ஆனால் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு அதன் கூடுதல் நேர ஊதியம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2009ல் தீர்ப்புச் சொன்னது. 2013ல் கூடுதல் நீதிபதிகளோடு திரும்ப விசாரித்தும் மாறவில்லை. அங்கேயே தூங்கி அங்கேயே சாப்பிடுகிறவளுக்கு எது வேலை நேரம், எது சும்மா இருக்கும் நேரம் என்று பிரிப்பது கடினம் என்பது ஒரு முக்கிய காரணம். ராத்திரி ஒரு முனகலுக்காகக் காதைத் திறந்துவைத்துத் தூங்குகிறவளைக் கேட்டால் பிரித்துச் சொல்லியிருப்பாள். அந்தத் தீர்ப்பு நியாயம் என்று என்னால் ஏற்க முடியாது.

பிப்ரவரி 9

இல்லை, ‘வேலையைத் தடுக்கும் மதம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிஷ்னாவின் பிதாக்கள் பகுதியில் ஷெமாயா என்ற ஞானி சொல்வது: மெலாகாவை நேசி, அதிகாரத்தை வெறு. மகனுக்கு ஒரு கைத்தொழில் கற்பிக்காத தகப்பன் அவனுக்குக் கொள்ளையடிக்கக் கற்பிக்கிறான் என்று ரபி யெகூதா சொன்னதும் தல்மூதில் உண்டு. ‘ஆறு நாள் செய்’ என்பதும் கட்டளைதான் என்று படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

பிரசங்கியில் வரும் ‘பிரயாசம்’ மெலாகாவா என்று கேட்டவருக்கு: இல்லை, அது அமால். பாடுபடுதல். அரபியில் வேலைக்கு அமல் என்பார்களே, அதன் உறவுச்சொல்.

பிப்ரவரி 16

39 என்ற எண் எங்கிருந்து வந்தது, கூடாரத்து வேலைகளை எண்ணித்தானா என்று கேட்டிருந்தீர்கள். அது ஒரு கருத்து. இன்னொன்றும் தல்மூதில் இருக்கிறது (சபாத் 49). மெலாகா, அவன் மெலாகா, இன்னதன் மெலாகா என்று தோராவில் அந்தச் சொல் வரும் இடங்களை எண்ணினால் 39 என்று ஒருவர் சொன்னார். உடனே ரபி யோசேப்புக்கு ஒரு சந்தேகம். போத்திபாரின் வீட்டுக்குள் யோசேப்பு ‘தன் வேலையைச் செய்ய’ப் போனானே (ஆதி. 39:11), அந்த மெலாகா கணக்கில் சேருமா? அவன் உண்மையிலேயே வேலைக்குத்தான் போனானா, எஜமானியின் விஷயத்தில் மனசு சறுக்கிப் போனானா என்பதில் ரபிகளுக்குள் இரு கருத்து உண்டு. வேறு வேலைக்குப் போயிருந்தால் அது மெலாகா இல்லை. ‘தோராச் சுருளைக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்துவிடுவோம்’ என்றார் அபாயே என்ற இன்னொரு ரபி.

எபிரேய வேதாகமம் கையில் இருப்பவர்கள் ஆதியாகமம் 2:2, 3ல் தொடங்குங்கள். அந்த இரண்டு வசனத்தில் மட்டும் மூன்று. மந்தையையும் அடைக்கலப் பொருளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யோசேப்பைச் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதையும் காரணத்தோடு இங்கேயே எழுதுங்கள்.